கோழிச் சிறுமூளையில் மூன்று சந்திகள்: ஒரு சாயமூட்டலின் நிகழ்வு ஆய்வு

நிகழ்வு இதுதான். கண்டிக்குப் பக்கத்தில், மலைச்சரிவில் இருக்கும் ஒரு கற்பித்தல் ஆய்வுகூடம். இறுதியாண்டு மாணவி ஒருவர் கோழியின் சிறுமூளையைக் கொல்ஜி-கொக்ஸ் என்ற சாயமேற்றும் முறையில் கறுப்பாக்கி, நரம்புக்கலங்கள் ஒன்றையொன்று எங்கே தொடுகின்றன என்று நுணுக்குக்காட்டியில் பார்த்து எழுதினார். 23 இடங்களில் இரண்டு கலங்களின் கிளைகள் நேரடியாக ஒட்டியிருக்கின்றன என்றது அவருடைய முதல் வரைவு. திரும்ப உட்கார்ந்து பார்த்ததில் 20 கழிந்துபோனது, மிச்சம் 3. அந்த 20 எப்படிக் கழிந்தது, இந்த 3 ஏன் கழியவில்லை என்பதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் அங்கே ஆய்வுகூட உதவியாளர். சாயம் கலப்பது, வெட்டுவது, ஸ்லைட் ஒட்டுவது, பிள்ளைகள் உடைத்ததைக் கணக்கெழுதுவது என் வேலை. பெயர்கள் எதுவும் வேண்டாம். நடந்த பிழைகளில் பாதி என்னுடையது, மற்றவரை இழுக்க நியாயமில்லை.

கோழி ஏன்

எலி வளர்க்க அனுமதி வேண்டும், கூடு வேண்டும், தீனி வேண்டும். கோழிக்கு டவுனில் நானாவின் கடை போதும். காலை ஆறரைக்கே போய் நின்றால், அப்போதுதான் அறுத்த இறைச்சிக்கோழியின் தலையை ஒரு பையில் போட்டுத் தருவார். முதல் நாள் எதற்கு என்று கேட்டார். மூளையை எடுத்துப் பார்க்க என்றேன். "தம்பி, கோழிக்கு மூள இருந்தா நம்மட கையில மாட்டுமா?" என்று சிரித்துவிட்டு, காசு வாங்க மறுத்துவிட்டார்.

மலிவு மட்டும் காரணமல்ல. எந்த நாளும் கிடைக்கும் இந்தக் கோழியின் சிறுமூளை, பள்ளிப் புத்தகத்தில் 'மூளி' என்று படித்தோமே அது, ஒழுங்காக அடுக்கிவைத்த இடம். வெளியே மூலக்கூற்றுப் படை, நடுவே புர்கிஞ்சே கலங்கள் என்ற பெரிய நரம்புக்கலங்கள் ஒற்றை வரிசையில், உள்ளே நெருக்கியடித்த குறுணிக்கலங்கள். ஒரு மடிப்பைப் படித்துக்கொண்டால் மற்ற மடிப்புகளும் அதேதான். வழி தவறுவது கடினம். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

இன்னொரு காரணம், இந்தக் கதையே பறவையின் மூளையிலிருந்துதான் திரும்பியது. இத்தாலியில் அபியாதேகிராசோ என்ற ஊரின் மருத்துவமனையில் வேலைபார்த்த கமில்லோ கொல்ஜி, அங்கே ஒரு சமையலறையை ஆய்வுகூடமாக்கிக்கொண்டு, 1873இல் இந்தக் கறுப்புச் சாயத்தை வெளியிட்டார். டைகுரோமேற்றில் ஊறிய மூளையை வெள்ளி நைத்திரேற்றில் போட்டால் சில கலங்கள் மட்டும் வேரோடு கிளையோடு கறுத்துவிடும். அதன்பின் பதினான்கு ஆண்டுகள் அது பெரிதாகப் பேசப்படவில்லை. 1887இல் ஸ்பெயினின் சாந்தியாகோ ரமோன் இ கஹால் மட்ரிட்டில் நண்பர் ஒருவர் வீட்டில் அப்படியொரு ஸ்லைட்டைப் பார்த்தார். அடுத்த ஆண்டே பார்சிலோனாவில், கைக்காசு போட்டுத் தானே அச்சடித்த சஞ்சிகையில், பறவைகளின் சிறுமூளையைப் பற்றி எழுதினார். கலங்கள் வலையாக ஒட்டிக்கிடக்கவில்லை, ஒவ்வொன்றும் தனித்தனி என்பது அவர் கண்டது. கொல்ஜியோ கடைசிவரை வலை என்றே நின்றார். 1906இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். கொல்ஜி அந்த மேடையிலேயே கஹாலின் கருத்தை மறுத்துப் பேசினார்.

ஒரே சாயம், ஒரே கறுப்பு, இரண்டு முடிவு. எங்கள் ஆய்வுகூடத்தில் அது மூன்று மாதத்துக்குள் திரும்ப நடந்தது.

14 நாள், யாருடைய 14 நாள்?

நாங்கள் எடுத்தது வெள்ளி முறையல்ல. 1891இல் கொக்ஸ் மாற்றியமைத்த இரச முறை. மேர்க்குரிக் குளோரைட்டு, பொற்றாசியம் டைகுரோமேற்று, பொற்றாசியம் குரோமேற்று, மூன்றும் 5 சதவீதக் கரைசலாக. முதல் இரண்டையும் ஐந்துக்கு ஐந்து பங்கு கலந்து, அதை நான்கு பங்கு குரோமேற்றும் பத்துப் பங்கு காய்ச்சி வடித்த நீரும் கலந்ததில் ஊற்ற வேண்டும். ஊற்றும்போதே செம்மஞ்சளாகக் கலங்கும். இருட்டில் வைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்பதை மட்டும் எடுக்க வேண்டும். அடியில் படியும் செம்மண் போன்ற வண்டலைக் கலக்கிவிட்டால் அதுவே பிறகு ஸ்லைட்டில் கரும்புள்ளியாக வந்து உட்காரும்.

கோழி மூளை சின்னதுதான். சிறுமூளை ஒரு சுண்டல் கடலை அளவு. மண்டையோடு மெல்லியது, சின்னக் கத்தரிக்கோலே போதும். காய்ச்சி வடித்த நீரில் இரத்தத்தை அலசிவிட்டு, கரைசலில் போட்டு, போத்தலைச் சுற்றிப் பொலித்தீன் அல்ல, அலுமினியத் தாள் சுற்றி, அலுமாரியில் வைத்தோம். மறுநாள் கரைசலை மாற்றினோம். நாங்கள் பின்பற்றிய குறிப்பில் '14 நாள், அறை வெப்பநிலை' என்று போட்டிருந்தது. அப்படியே செய்தோம்.

அது தைமாதம். எங்கள் கட்டடம் வெயில் விழாத பக்கம். பகலிலேயே ஸ்வெட்டரோடு நிற்கிற அறை, இரவில் எவ்வளவு இறங்கும் என்று யாரும் அளக்கவில்லை. பதினைந்தாம் நாள் வெட்டிப் பார்த்தால் வெளி விளிம்பில் மட்டும் நாலைந்து கலம் மங்கலான காப்பி நிறத்தில். உள்ளே வெறும் மஞ்சள். தங்கச்சியின் முகம் வாடிப்போனது, அந்த மாணவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளை, குளிர் புதிதல்ல, ஆனால் குளிர்தான் காரணம் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மருந்து பழசு என்று நினைத்தோம். வேறு போத்தல் திறந்து இன்னொரு 14 நாளை வீணடித்த பிறகுதான் ஆய்வை மேற்பார்க்கிற சேர் வந்து அலுமாரிக்குள் கைவைத்துப் பார்த்துவிட்டு, "இது அறையா, ஐஸ்பெட்டியா?" என்றார்.

அறை வெப்பநிலை என்பது எழுதியவருடைய அறை. இதைப் பெரிய எழுத்தில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

மூன்றாம் தொகுதியை 37 பாகையில் இன்குபேட்டருக்குள் வைத்தோம். கோழிமுட்டை பொரிக்கிற சூடும் ஏறத்தாழ அதேதான். முட்டையாக இருந்தபோதும் அந்தச் சூடு, செத்த பிறகும் அந்தச் சூடு என்று தங்கச்சி சொல்லிச் சிரித்தார். பத்தாம் நாள் ஓரத்தில் ஒரு சீவல் எடுத்துப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, சாயம் பிடித்திருக்கிறது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மேர்க்குரிக் குளோரைட்டு கொடிய நஞ்சு. கையுறை, காற்றுப்போக்கி எல்லாம் எல்லோரும் சொல்வார்கள். கழுவிய நீர் எங்கே போகிறது என்பதை ஒருவரும் சொல்வதில்லை. மலையில் இருக்கிறவனுக்கு அதுதான் முதல் கேள்வி. எங்கள் தொட்டியின் குழாய் இறங்குகிற ஓடை கீழே மகாவலியில் சேர்கிறது. நடுவில் எத்தனை பீலிக்கரை, எத்தனை குடம். ஆகவே முதல் கழுவல் நீரிலிருந்து கடைசிச் சொட்டு வரை தனிக் கலனில் சேர்த்து, பெயர் எழுதி, பூட்டிவைக்கிறோம். அதை எடுத்துப்போகச் சொல்லி எழுதிய கடிதங்களுக்கு இன்னும் பதில் வரவில்லை, அது வேறு கதை.

விசிறியின் விளிம்பு

சாயம் பிடித்த மூளையை 30 சதவீதச் சுக்குரோசில் போட்டு, அது அடியில் அமிழும்வரை காத்திருந்து, இரவல் வாங்கிய விப்ரடோமில் (அதிரும் அலகால் சீவுகிற கருவி) 150 மைக்ரோமீற்றர் தடிப்பில் வெட்டினேன். சாதாரணமாக மெழுகில் வெட்டுகிற சீவல் 5 மைக்ரோமீற்றர்தான் இருக்கும். இங்கே முப்பது மடங்கு தடிப்பு. மெல்லியதாக வெட்டினால் கிளைகள் துண்டுதுண்டாகப் போய்விடும், கலத்தை முழுதாகப் பார்க்கத்தானே இத்தனை பாடும். இந்தத் தடிப்புத்தான் பின்னால் எங்களை ஏமாற்றியது.

வெட்டியதை ஜெலற்றின் பூசிய ஸ்லைட்டில் ஒட்டி, அமோனியாவில் வைத்தால் மங்கலாக இருந்தது கண்முன்னே கறுக்கும். பிறகு பழைய காலத்துப் படம் கழுவுகிற ஃபிக்சர், கழுவல், எதனோல் படிகள், சைலீன், கடைசியில் மூடி ஒட்டுகிற பசையான டிபிஎக்ஸ்.

முதலில் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. வரிசையாகக் குச்சி குச்சியாக நிற்கிறது, கிளையே இல்லை. தங்கச்சி சாயம் பாதியில் நின்றுவிட்டது என்றார். நான் தலையை ஆட்டினேன். உண்மையில் நான்தான் குறுக்காக வெட்டியிருந்தேன். புர்கிஞ்சே கலத்தின் கிளைகள் நாலாபக்கமும் பரவுவதில்லை. பனையோலை விசிறி மாதிரி ஒரே தளத்தில் தட்டையாக விரிந்திருக்கும். அந்தத் தளம் தலையின் முன்பின் வாக்கில் இருக்கிறது. அதற்குக் குறுக்கே வெட்டினால் விசிறியின் விளிம்புதான் தெரியும், அதாவது குச்சி. மறுபாதி மூளையை முன்பின் வாக்கில் வைத்து வெட்டினேன்.

அந்த ஸ்லைட்டை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வெளிர் மஞ்சள் நிலத்தில் தன்னந்தனியாக ஒரு கலம். கீழே பூண்டுப்பல் போன்ற உடல். அதிலிருந்து ஒரே ஒரு தடித்த தண்டு மேலே வந்து, இரண்டாகி, நாலாகி, பிறகு எண்ண முடியாதபடி பிரிந்து, படையின் மேல் விளிம்பில் எல்லாக் கிளையும் ஒரே மட்டத்தில் நிற்கிறது. கத்தியால் சீவிவிட்ட மாதிரி. அப்பா தோட்டத்தில் கவ்வாத்துக்காரர். சின்ன வயதில் அவருக்குச் சோறு கொண்டுபோகும்போது பார்த்த தேயிலைத்தூர்தான் அது. கொழுந்தும் இலையும் போய், ஒரே மட்டத்தில் வெட்டிய கொப்புகளோடு தூர் மட்டும் நிற்கும்.

இதைச் சேரிடம் சொன்னபோது அவர் அங்கிருந்து பிடித்துக்கொண்டு போனார். கொழுந்து எடுக்கிற மலையை மேலே நின்று பார்த்தால் எங்கே ஒரு செடி முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று தெரியாது. பச்சைப் பாய் விரித்த மாதிரி ஒரே மட்டம். அதைப் பார்த்து இந்த மலை முழுக்க ஒரே செடிதான் என்று ஒருவர் சொன்னால் அவரை முட்டாள் என்று சொல்ல முடியாது. கவ்வாத்துப் பண்ணின மலையைப் பார்த்தவனுக்குத்தான் தூர் தூராகத் தெரியும். இந்தச் சாயம் செய்வது அதைத்தான் என்றார். எல்லாக் கலத்தையும் சாயமேற்றினால் ஒரே கறுப்புப் பாய்தான் வரும். நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரைதான் கறுக்கிறது, அதனால்தான் ஒன்றை முழுதாகப் பார்க்க முடிகிறது. எந்த ஒன்று கறுக்கும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. இந்தச் சாயத்தின் பலவீனமும் அதுவே, பலமும் அதுவே.

பெரிய உருப்பெருக்கத்தில் மெல்லிய கிளைகளைப் பார்த்தால் வழுவழுப்பாக இருக்காது. இருமருங்கும் சின்னச் சின்ன முட்கள், சிலவற்றுக்கு மெல்லிய கழுத்தும் குண்டுத் தலையும் உண்டு. இவைதான் நரம்பிணைப்புகள் (கலத்திலிருந்து கலத்துக்குச் செய்தி கடக்கிற சந்திகள்) வந்து அமர்கிற இடங்கள். கஹால் 1888இல் கோழியின் புர்கிஞ்சே கலத்தில் இவற்றைப் பார்த்து எழுதியபோது, சாயத்தின் படிவு அது, முள் இல்லை என்று பலர் ஒதுக்கினார்கள். அவர் 1896இல் மெதிலீன் நீலம் என்ற வேறொரு சாயத்தால் அதே முட்களைக் காட்டினார். இரண்டு வேறு வேதியல், ஒரே முள். அப்படியென்றால் அது சாயத்தின் பிழையாக இருக்க முடியாது. இந்த வழியை நாங்களும் பிறகு பிடித்துக்கொண்டோம்.

23

தங்கச்சி கெட்டிக்காரி, உழைப்பாளி. இரண்டு வாரம் மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சந்தியையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து எண் போட்டிருந்தார். "அண்ணே, இங்க பாருங்களேன், ரெண்டும் ஒட்டியிருக்கு" என்று முதல் படத்தை நீட்டினார். பார்த்தேன். ஒட்டித்தான் இருந்தது. எனக்கும் சந்தோஷம், வரைவைச் சேரிடம் கொடுத்துவிட்டோம்.

சேர் ஒன்றும் சொல்லவில்லை. படத்தை மேசையில் வைத்துவிட்டு, "ஸ்லைட்டைக் கொண்டுவாங்க" என்றார். படம் தட்டை, ஸ்லைட் தட்டையில்லை. அவ்வளவுதான் அவர் கொடுத்த துப்பு. மிச்சத்தை நாங்கள் இருவரும் நாலு நாள் உட்கார்ந்து செய்தோம்.

முதலில் கழிந்தது நாலு. தடித்த கறுப்புத் தண்டு ஒன்று ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்துக்குப் பாலம் போட்டமாதிரி போகிறது. தங்கச்சி அதை ஆக்சன், அதாவது கலத்திலிருந்து செய்தியைக் கொண்டுபோகிற நீண்ட இழை, என்று எழுதியிருந்தார். ஆனால் கலத்தை விட்டு விலகிப் போகப்போக ஆக்சன் இவ்வளவு தடிப்பாக இருக்காது. இது போன வழியெல்லாம் ஒரே தடிப்பு, இரண்டு விளிம்பும் கறுப்பு, நடுவே கொஞ்சம் வெளிச்சம், குழாய் மாதிரி. இந்தச் சாயம் நரம்புக்கலத்தை மட்டும் பிடிப்பதில்லை, இரத்தக்குழாயையும் பிடிக்கும், தாங்குகலங்களையும் பிடிக்கும். உறுதிப்படுத்த, அதே கோழியின் இன்னொரு துண்டை மெழுகில் வெட்டி, நிசில் முறையில் ஊதாச் சாயம் ஏற்றினோம். அதே ஆழத்தில், அதே தடிப்பில் குழாய்கள் ஓடின. உள்ளே நீள்வட்டமான செங்குருதிக் கலங்கள், ஒவ்வொன்றிலும் ஊதாக் கரு. நமது செங்குருதிக் கலத்தில் கரு இல்லை, கோழியினுடையதில் உண்டு. அதனால் குழப்பமே இல்லை. கலத்தோடு ஒட்டிக்கொண்டு போகிற இரத்தக்குழாய், அவ்வளவுதான்.

அடுத்து ஐந்து. இரண்டு கிளைகள் சந்திக்கிற இடத்தில் கரும் உருண்டை. இணைப்புக் குமிழ் என்று எழுதியிருந்தது. ஸ்லைட்டை மெல்ல நகர்த்தி, இழையமே இல்லாத இடத்துக்கு, வெறும் ஜெலற்றின் மேல் கொண்டுபோனேன். அங்கேயும் அதே உருண்டை, அதே பளபளப்பு. மூளையே இல்லாத இடத்தில் நரம்பிணைப்பு எங்கிருந்து வரும்? இது முழுக்க என் பிழை. துண்டை ஒரு கரைசலிலிருந்து மற்றதுக்கு மாற்றும்போது கண்ணாடிக்கோல்தான் பயன்படுத்த வேண்டும். ஒருநாள் அவசரத்தில் உருக்கு இடுக்கியால் எடுத்தேன். இரச உப்பில் உலோகம் பட்டால் அங்கேயே இரசம் படிய ஆரம்பித்துவிடும். அந்தத் தொகுதியில் இருந்த ஸ்லைட்டுகளில்தான் ஐந்தும் இருந்தன. இப்போது எந்த ஸ்லைட்டை எடுத்தாலும் முதலில் இழையத்துக்கு வெளியே ஒரு சுற்றுப் போய்விட்டு வந்துதான் உள்ளே பார்க்கிறேன்.

மிச்சமிருந்த 14இல் 11ஐக் கழித்ததுதான் உண்மையான வேலை. குழாயும் இல்லை, படிவும் இல்லை, இரண்டுமே சுத்தமான கிளைகள், முள்ளோடு இருக்கின்றன. ஒன்று மற்றொன்றின் மேல் போய் ஒட்டுகிறது. படத்தில் அது ஒட்டல்தான். நுண்திருகைத் திருப்பினால் கதை மாறுகிறது.

எங்கள் நுணுக்குக்காட்டியில் நுண்திருகின் ஒரு பிரிவு 2 மைக்ரோமீற்றர். 40 மடங்கு வில்லையில் ஒரு கிளையைக் கூர்மையாகப் பிடித்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அடுத்த கிளை கூர்மையாகும்வரை திருப்பி மறுபடி குறிக்க வேண்டும். திருகைப் போகவர ஆட்டக்கூடாது, எப்போதும் ஒரே பக்கமாகத்தான் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் பல்லின் தளர்ச்சி கணக்கைக் கெடுத்துவிடும். முதல் சந்தியில் வித்தியாசம் 9 பிரிவு, அதாவது 18 மைக்ரோமீற்றர். அதுவும் முழுக்கணக்கல்ல. வில்லைக்கும் ஸ்லைட்டுக்கும் நடுவே காற்று, ஸ்லைட்டுக்குள் டிபிஎக்ஸ், அதன் முறிவுச்சுட்டி ஏறத்தாழ ஒன்றரை. நீச்சல் குளத்தின் அடி மேலே வந்தமாதிரித் தெரிவதுபோல, ஆழம் குறைவாகத்தான் தெரியும். ஒன்றரையால் பெருக்கினால் 27 மைக்ரோமீற்றர். ஒட்டிக்கிடக்கிறது என்று நாங்கள் எழுதிய இரண்டு கிளைகளுக்கும் நடுவே இன்னொரு கலத்தின் உடலே படுத்துத் தூங்கலாம்.

தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. இரண்டாவதுக்குப் போனார், 6 பிரிவு. மூன்றாவது, 11. நாலாவது ஸ்லைட்டில் அவரே திருகைப் பிடித்துக்கொண்டு, கூர்மையானதும் "மேல... கீழ..." என்று சொல்ல, நான் எண்ணை எழுதினேன். ஊர்ப்பாதையில் பஸ்ஸில் போகும்போது எதிர்மலையில் ஒரு லயத்துக் கூரையும் அதற்குப் பின்னால் இருக்கிற கோபுரமும் ஒட்டியிருக்கிற மாதிரித் தெரியும், நடுவே ஒரு பள்ளத்தாக்கே இருக்கும். அதேதான் இது. 150 மைக்ரோமீற்றர் தடிப்பை ஒரு தட்டைப் படமாக்கினால் பள்ளத்தாக்கெல்லாம் மறைந்துபோகும்.

மாலை ஐந்தரைக்குப் 11ஐ முடித்தோம். மின்சாரம் போனதால்தான் எழுந்தோம், இல்லாவிட்டால் இருந்திருப்போம்.

இதில் இன்னொரு பிழையும் இருந்தது, அது பிறகுதான் உறைத்தது. நூறில் ஒரு சில கலம்தான் கறுக்கிறது. ஒரு புர்கிஞ்சே கலத்தோடு இணைகிற இழைகள் இலட்சத்தைத் தாண்டும். அவற்றில் மிகப்பெரும்பாலானவை, குறுணிக்கலங்களிலிருந்து மேலேறி விசிறிக்குக் குறுக்காகக் கம்பி கட்டினமாதிரி ஓடும் இழைகள், இந்த ஸ்லைட்டில் கறுக்கவே இல்லை. கறுத்த கலத்தின் உண்மையான கூட்டாளிகள் அந்த வெளிர் மஞ்சளுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறார்கள். தற்செயலாகக் கறுத்த இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் நின்றதைப் பார்த்து இவர்கள்தான் சொந்தம் என்று நாங்கள் எழுதினோம். முட்களை எண்ணியிருந்தால் ஏதாவது சொல்லியிருக்கலாம், மறுபுறம் யார் வந்து அமர்கிறார் என்று தெரியாவிட்டாலும், அமர்கிற இடம் தெரியுமே. அடுத்த தொகுதியில் அதைத்தான் செய்யச் சொல்லியிருக்கிறார் சேர்.

மூன்று

மிச்சமிருந்த மூன்றில் திருகு நகரவே இல்லை. இரண்டு கிளையும் ஒரே எண்ணில் கூர்மையாகின. எண்ணெய் விட்டு 100 மடங்கு வில்லையில் பார்த்தோம். வெளிச்சத்தைக் குறைத்தோம், கூட்டினோம். ஒன்றில் இடையே மெல்லிய வெளிச்சக்கோடு இருக்கிறது என்று தங்கச்சி சொன்னார், எனக்குத் தெரியவில்லை. மறுநாள் எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை.

இதில் கண்ணைக் குறைசொல்லிப் பயனில்லை. ஒளி நுணுக்குக்காட்டியால் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டக்கூடிய தூரம், எவ்வளவு நல்ல வில்லையென்றாலும், ஏறத்தாழ 200 நானோமீற்றர். இரண்டு நரம்புக்கலங்களுக்கு நடுவே நரம்பிணைப்பில் இருக்கிற இடைவெளி 20 நானோமீற்றர் அளவு. பத்தில் ஒரு பங்கு. நரம்பிணைப்பு என்ற பெயரை ஆங்கிலேய உடலியலாளர் ஷெரிங்டன் 1897இலேயே வைத்துவிட்டார், ஆனால் அந்த இடைவெளியை ஒருவரும் கண்ணால் பார்க்கவில்லை. 1950களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்துதான் அது தெரிந்தது. கொல்ஜியும் கஹாலும் அதுவரை உயிரோடு இல்லை. கஹால் சொன்னது சரியாகப் போனது, அவரால் அதைக் காட்ட முடிந்திருக்காது. கொல்ஜி சொன்னது பிழையாகப் போனது, அவர் பார்த்த சந்தியில் அவருக்கும் திருகு நகர்ந்திருக்காது.

தங்கச்சி மூன்றையும் விட மனமில்லாமல் இருந்தார். இருபது போனபிறகு இந்த மூன்றுமாவது இருக்கட்டுமே என்று எனக்கும் இருந்தது. மூன்று சந்தியில் 'ஒட்டியிருக்கிறது' என்று எழுதலாமா என்று கேட்டார். சேர் மாட்டேன் என்றார். அப்படியானால் 'ஒட்டவில்லை' என்று எழுதலாமா? அதற்கும் மாட்டேன் என்றார். கடைசியில் எழுதிய வரி இது: 'மூன்று இடங்களில் கிளைகளுக்கு இடையே பிரிவு இருக்கிறதா இல்லையா என்பதை இந்த முறையால் தீர்மானிக்க இயலாது.' மதிப்பீட்டுக்கு வந்தவர் ஒருவர் இந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி வைத்திருந்தார். புள்ளியைக் குறைக்கவில்லை.

அந்த மூன்று இடத்தையும் கவர்ஸ்லிப்பின் மேல் வைரப் பேனாவால் சின்ன வட்டமிட்டு வைத்திருக்கிறோம். பெட்டியில் பதினான்காம் ஸ்லைட்டில் இரண்டு, பதினேழில் ஒன்று. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதலில் அவற்றைத்தான் காட்டுகிறேன், ஒன்றும் சொல்லாமல். இதுவரை எல்லோரும் திருகைத் தொடுவதற்கு முன்னால் கைத்தொலைபேசியைத்தான் எடுத்தார்கள்.